ஜெல்லிக்கு ஏது கூச்சம்?

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சாயங்கால அடுப்பில் பால் கொதிக்கும். அதில் கடல்பாசி கரையும். தட்டில் ஊற்றி ஆறவைத்தால் சற்று நேரத்தில் கத்தியால் வில்லை போடலாம். நோன்பு திறந்ததும் ஒரு வில்லையை வாயில் போட, நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த தொண்டை குளிர்ந்துவிடும்.

தென்கோடிக் கடற்கரைக்கு ஜெல்லி ஒன்றும் புதிதில்லை. கோடையில் நுங்கு, சர்பத்தில் சப்ஜா விதை, மதுரைக்குப் போனால் ஜிகர்தண்டாவில் மிதக்கும் பாதாம் பிசின், முற்றத்தில் வளர்ந்து நிற்கும் கற்றாழை என்று வழுவழுப்பான எதையும் இங்கே முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் ஊட்டுவார்கள். அதே வழுவழுப்பு மருந்துக்கடை டியூபில் அடைபட்டு வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார். வாங்கியவர் மீதிச் சில்லறையை எண்ணாமலே நடையைக் கட்டுகிறார்.

தாம்பத்யத்தின்போது ஏற்படும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் பயன்படும் லூப்ரிகன்ட் ஜெல்லைப் பற்றித்தான் பேச்சு. நம் வீடுகளில் அது இல்லாததுபோலவே நடந்துகொள்கிறோம். அந்த வலியோ பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது.

கடலுக்குள் கொழுந்து பறிக்கிறவர்கள்

ஜெல்லியின் கதை மன்னார் வளைகுடாவில் பெண்களின் விரல் நுனியில் தொடங்குகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பாம்பன், ஏர்வாடி, முந்தல் பக்கத்துக் கிராமப் பெண்கள் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துவந்திருக்கிறார்கள். புடவைக்கு மேல் சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பார்கள். துணிச் சுற்றையும் மீறிப் பாறை கீறும். கீறிய இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும்.

அவர்கள் பாசிக்கு வைத்திருக்கும் பெயர்களே அழகு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் அகர் ஆகின்றன. காயல்பட்டினத்துத் தட்டில் வில்லையாவதும், கடையில் 'சைனா கிராஸ்' என்று விற்பதும் அகர்தான். கட்டக்கோரையிலிருந்தும் பக்கோடாப் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். பல் டாக்டர் அச்செடுக்க வாய்க்குள் வைக்கும் மாவு அதுதான். நெஞ்செரிச்சல் மருந்திலும் காயத்துக்கு வைக்கும் கட்டிலும்கூட இருக்கிறது. 2000-க்குப் பிறகு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வேறொரு பாசியையும் வளர்க்கத் தொடங்கின. கப்பாஃபைகஸ் என்பது அதன் பெயர். கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை, அந்த வளர்ப்பு முறையைச் சொல்லிக்கொடுத்தது. அதிலிருந்து கிடைக்கும் காரகீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. சில லூப்ரிகன்ட் ஜெல்களிலும் சேர்கிறது.

சின்னப்பாலம் கிராமத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி சேகரிக்கும் பெண்ணுக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது. பாசியை வேரோடு சுரண்டாமல், மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதற்கான மரியாதை அது.

ஜெல்லிக்கும் பெண்களுக்கும் உள்ள தொடர்பு இந்தக் கரையோடு முடியவில்லை. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் வால்தர் ஹெஸ்ஸே. கிருமிகளை வளர்க்க அவர் பயன்படுத்திய ஜெலட்டின், கோடை வெயிலில் உருகி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் வழி சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டு, தன் சமையலறையில் அகர் சேர்த்துப் பழ ஜெல்லி செய்துகொண்டிருந்தவர் அவர். 'இதைப் போட்டுப் பாருங்கள்' என்றார். அகர் உருக ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். உடல் சூட்டில் அசையாமல் நிற்கும். இன்று வரை உலகின் எல்லா ஆய்வகங்களிலும் கிருமி வளர்வது அந்தச் சமையலறை யோசனையின் மேல்தான்.

சொல்லாமல் விட்ட வலி

தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு 49 வயது. ஏர்வாடிப் பக்கம் பிறந்தவர். அவர் அம்மா பாசிக்குப் போனவர். அம்மாவின் விரல்களில் இருந்த கீறல்களை எண்ணிப் பார்த்து வளர்ந்தவர் மகள். கட்டிக்கொடுத்த இடம் தூத்துக்குடி. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகளும் வெளியூரில்.

மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷமாகியிருந்தது. அதற்கு முன்பிருந்தே நெருக்கத்தின்போது எரிச்சல், பிறகு வலி, பிறகு மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் கடுப்பு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் பக்கத்தில் வந்தால், 'நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் குடுக்கணும்' என்று மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார். கணவர் சில மாதங்கள் பார்த்தார். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவராகவே முடிவுசெய்து, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் சண்டையே இல்லாமல் தூரமாகிப்போனார்கள்.

அந்த ஆண்டு பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு, திருநெல்வேலியில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் வந்திருந்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மைனியின் அருகில் உட்கார்ந்து, "அண்ணன் ஏன் மைனி மாடியில படுக்காரு?" என்றார்.

"புழுக்கமா இருக்காம்."

"புழுக்கம் ஒன்றரை வருஷமாவா இருக்கு?"

மைனி பதில் சொல்லவில்லை. நாத்தனார் விடவில்லை. "வலிக்கா மைனி?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணெய்க் குப்பியை மூடிவைத்துவிட்டு, "இதையெல்லாம் யார்ட்ட போய்ச் சொல்ல முடியும் ஏட்டி?" என்றார் மைனி. கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்டச் சொல்லலாமே. வாரத்துக்கு ஒரு தடவ இந்த இரும்புக்கு எண்ணெய் விடுதீய. உடம்பு என்ன, இரும்ப விடக் கேவலமா?"

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்தத் தையல் கடையில் கேள்விகள்தான். அவர் கேட்டவை அவருக்கு மட்டுமானவை அல்ல. இந்தக் கட்டுரையைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற பலர் கேட்க நினைப்பவை.

'வயசாகிட்டா இப்படித்தானா?'

மெனோபாஸ் வந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இந்தியப் பெண்களுக்குப் பொதுவாக 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிகிறது. ஊறும் ஈரம் குறைகிறது. அங்கே காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன. அதனால்தான் எரிச்சல், வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. 2014-ல் மருத்துவ உலகம் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. இது மனம் சம்பந்தப்பட்ட வெறுப்பு அல்ல. உடலில் நடக்கும் மாற்றம்.

வயதானவர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. பால் கொடுக்கும் இளம் தாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவாகவே இருக்கும். அவருக்கும் வறட்சி வரலாம். சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், புற்றுநோய் சிகிச்சை, சர்க்கரை நோய், மனப் பதற்றம், அவசரம் என எதனாலும் வரலாம். 'ஈரம் இல்லை என்றால் ஆசை இல்லை' என்று கணவர் நினைத்துக்கொள்வதும், மனைவியே நம்பிவிடுவதும்தான் பெரிய தப்பு. வெயிலில் நாக்கு வறண்டவனைப் பார்த்து 'இவனுக்குச் சாப்பாட்டில் விருப்பமில்லை' என்று யாரும் சொல்வதில்லை.

'தேங்காய் எண்ணெய் போதாதா? வாஸ்லின்?'

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் முதல் மருந்து தேங்காய் எண்ணெய். பலர் இதற்கும் அதையே நாடுகிறார்கள். சிலருக்கு ஒத்தும் போகிறது. ஆனால் ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எந்த எண்ணெயையும் தொடக் கூடாது. லேடெக்ஸ் ரப்பரை எண்ணெய் அரித்துவிடும். 1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மினரல் ஆயில் பட்ட 60 விநாடிகளிலேயே லேடெக்ஸ் ஆணுறை தன் வலுவில் சுமார் 90 சதவிகிதத்தை இழந்தது. 'ஆணுறை போட்டும் கர்ப்பமாகிவிட்டது' என்று தலையில் கைவைப்பவர்களில் சிலருக்குக் காரணம் தலைமாட்டில் இருந்த எண்ணெய்க் குப்பியாக இருக்கலாம்.

வாஸ்லின் என்பது பெட்ரோலியம் ஜெல்லி. பெயரில் ஜெல்லி இருந்தாலும் அதில் தண்ணீர் கிடையாது. அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் குழாய்களில் ஒட்டிக்கொண்டிருந்த மெழுகுப் பிசுக்கைச் சுத்தப்படுத்தி, ராபர்ட் செஸ்ப்ரோ 1872-ல் காப்புரிமை வாங்கிய பொருள் அது. உதட்டு வெடிப்புக்கும் குதிகாலுக்கும் நல்லது. உள்ளே பயன்படுத்தினால் எளிதில் கழுவிப் போகாது, லேடெக்ஸையும் கெடுக்கும். அதைப் பயன்படுத்திய பெண்களிடம் பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்ற தொற்று அதிகமாக இருந்ததாகவும் ஆய்வு உண்டு. வாஸ்லின் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

'ஆஸ்பத்திரியில வைக்கிற ஜெல்லி?'

ஆஸ்பத்திரியில் ஜெல்லி என்ற பெயரில் பல டியூப்கள் உண்டு. சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் லிக்னோகைன் ஜெல்லி மரத்துப்போகச் செய்யும் மருந்து. அதைத் தாம்பத்யத்துக்குப் பயன்படுத்தினால் வலி தெரியாது. உரசி ஏற்படும் காயமும் தெரியாது. வலி என்பது உடம்பு சொல்லும் சேதி. அதை வாயடைக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்க வயிற்றில் தடவும் ஜெல் வெளித்தோலுக்கானது. மூட்டு வலி ஜெல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட் ஜெல்லி என்பது வேறு. அதுவும் முதலில் ஆஸ்பத்திரிப் பொருள்தான். புகழ்பெற்ற கே-ஒய் ஜெல்லி 1904-ல் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கும் பரிசோதனைக்கும் பயன்படுவதற்காக வந்தது. பிற்பாடுதான் வீட்டுக்குள் நுழைந்தது. இதை வாங்க மருந்துச் சீட்டு தேவையில்லை.

'அப்ப எதைத்தான் வாங்க?'

தண்ணீரில் செய்தது, சிலிக்கானில் செய்தது என்று இரண்டு வகை. இரண்டுமே லேடெக்ஸ் ஆணுறையோடு ஒத்துப்போகும். தண்ணீர் வகையில் பெரும்பகுதி தண்ணீரே. அதைக் கெட்டியாகப் பிடித்துவைக்க, செடியின் செல்லுலோஸிலிருந்து செய்த ஒரு பொருளோ, காரகீனன் போன்ற பாசிச் சத்தோ சேர்ப்பார்கள். எளிதில் கழுவிவிடலாம், துணியில் கறை படியாது. சீக்கிரம் உலரும்; உலர்ந்தால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கான் வகை நெடுநேரம் நிற்கும். கழுவ சோப்பு வேண்டும்.

தண்ணீர் வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. கிளிசரின் போன்றவை மிக அதிகமாகச் சேர்ந்தால் ஜெல் தோலிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீனில் உப்பைத் தடவினால் தண்ணீர் வெளியேறிக் கருவாடாவதுபோலத்தான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் தன் கூட்டாளி அமைப்புகளோடு 2012-ல் வெளியிட்ட குறிப்பில் இந்தச் செறிவுக்கு அளவு சொன்னது. ஆஸ்மோலாலிட்டி என்ற அந்த அளவு 380-க்குள் இருப்பது உத்தமம். 1,200-ஐத் தாண்டவே கூடாது. கூடவே, பெண்ணுறுப்பின் இயல்பான அமிலத்தன்மையை ஒட்டி ஜெல்லின் பி.எச். 4.5 அளவில் இருப்பது நல்லது என்றும் சொன்னது. எல்லா டியூபிலும் இந்த எண்கள் அச்சாகியிருக்காது. அப்படியானால் எளிய வழி: வாசனை, சுவை, 'சூடேற்றும்', 'குளிரூட்டும்' என்று விளம்பரம் செய்யும் எதையும் தள்ளிவிட்டு, சாதாரணமானதை எடுப்பது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்ப்பது. எரிந்தால் நிறுத்திவிடுவது.

'கடல்பாசியைக் கரைச்சு வீட்லயே செய்யலாமா?'

மைனி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. அகர் வழுவழுப்பாக நிற்காது, இறுகிக் கட்டியாகும். அதோடு, ஆய்வகத்தில் கிருமியை வளர்ப்பதே அதன் மேல்தான். கற்றாழையை வெட்டி அப்படியே பயன்படுத்துவதும் தப்பு. அதன் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். தேன், வெண்ணெய், எச்சில், ஷாம்பு, சோப்பு நுரை என்று அடுக்களையிலும் குளியலறையிலும் இருக்கும் எதற்கும் அங்கே வேலையில்லை.

'குழந்தைக்காகக் காத்திருக்கிறவங்க போடலாமா?'

இதை மைனி தன் மகளுக்காகக் கேட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் 'கட்டாயம்' என்று ஆகும்போது எந்தப் பெண்ணுக்கும் உடல் இறுகித்தான் போகும். சாதாரண லூப்ரிகன்ட் ஜெல்கள் பல, விந்தணுக்களின் ஓட்டத்தைக் குறைப்பதாகப் பரிசோதனைக் கூடத்தில் தெரிந்திருக்கிறது. எச்சிலும் அப்படியே. குழந்தைக்காக முயல்கிறவர்களுக்கென்றே தயாராகும் ஜெல்களும் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விந்தணுவைத் தடுக்கும் என்று நம்பி எந்த ஜெல்லையும் கருத்தடையாகப் பயன்படுத்தக் கூடாது.

'இது நோயைத் தடுக்கும்ங்காங்களே?'

பாசி எடுத்த அம்மாவின் மகள் அல்லவா? காரகீனன் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. கிருமி. காரகீனன் அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பதை அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவன விஞ்ஞானிகள் 2006-ல் சோதனைக் குழாயில் கண்டார்கள். பிறகு கனடாவில் பெண்களிடம் நடந்த சோதனையில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆண்களிடம் நடந்த மற்றொன்றில் தெரியவில்லை. எச்.ஐ.வி.யைத் தடுக்குமா என்று தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: கெடுதல் இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. எனவே ஜெல்லை நம்பி இருக்கக் கூடாது. எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்கிறார்கள். வறட்சியால் அந்தப் பரிசோதனையே வலிக்கும் என்று பயந்து தள்ளிப்போடுகிற பெண்கள் நிறைய. 'எனக்கு வறட்சி இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

'இதைப் போட்டாலே சரியாகிருமா?'

லூப்ரிகன்ட் அந்த நேரத்து உராய்வைத் தணிக்கும். மெலிந்த தோலைச் சரிசெய்யாது. நாள் முழுக்க வறட்சியும் அரிப்பும் இருந்தால் அதற்கென்று மாய்ஸ்சரைசர்கள் உண்டு. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பயன்படுத்துவது. அதிலும் தீராவிட்டால், டாக்டர் எழுதிக்கொடுக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைத் தாங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலும், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலும், ஜெல்லைத் தேடுவதற்கு முன் டாக்டரைத் தேட வேண்டும்.

முத்தும் சிப்பியும்

தூத்துக்குடியில் பெண்களுக்கு அறிவுரை சொல்ல முத்தை இழுப்பது எளிது. சிப்பிக்குள் ஏதோ ஒன்று புகுந்து உறுத்துகிறது, அது பொறுத்துக்கொண்டு அதன் மேல் பூச்சுப் பூசுகிறது, உறுத்தல் முத்தாகிறது. நீயும் பொறுத்துக்கொள், நல்லது நடக்கும் என்பது உவமை. இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1973-ல் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். உறுத்தலை முத்தாக்கும் வித்தை உண்மைதான்.

ஆனால் சிப்பிக்கு என்ன ஆயிற்று என்று அந்த உவமை சொல்வதில்லை. 1961 வரை இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அள்ளி வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தைப் பொறுக்கினார்கள். பொறுத்துக்கொண்ட சிப்பிக்குக் கிடைத்தது அதுதான். பெண்ணுடம்பில் பொறுத்துக்கொண்ட வலி முத்தாவதும் இல்லை. அது பயமாகிறது. பயம் உடம்பை இறுக்குகிறது. இறுகிய உடம்பு இன்னும் வலிக்கிறது. கடைசியில் ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் படுக்கிறார்கள்.

"நான் அண்ணன்ட்டச் சொல்லட்டா மைனி?" என்று நாத்தனார் கேட்டபோது, அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அன்று ராத்திரி அவரே மாடிக்குப் போனார். "ஒங்களப் பிடிக்காம இல்ல. எனக்கு வலிக்கி" என்றார். கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மருந்துக்கடைக்குப் போனது அவர்தான். அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் பெண் டாக்டர் ஒருவரைப் பார்த்தார்கள். ஒரே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. க்ரீம் பலன் தரச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால் பாய் கீழே வந்துவிட்டது.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு மூன்றே வாக்கியம் போதும். 'உறவின்போது வலிக்கிறது. இத்தனை மாதமாக இருக்கிறது. இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்.' மீதியை டாக்டர் கேட்டுக்கொள்வார். வாய் வரவில்லையென்றால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டலாம், அதிலும் தவறில்லை. பல்வலிக்கும் முட்டிவலிக்கும் எந்தக் குரலில் பேசுகிறோமோ, அந்தக் குரலே இதற்கும் போதும்.